முக்கால் சாஸ்திரம்: கல்லூரி விதிகளையும் பாடத் தேர்வையும் பற்றி ஓர் ஆராய்ச்சி

பொறியியற் கல்லூரி மாணாக்கர் ஒருவரை நள்ளிரவில் உறக்கத்தினின்றும் எழுப்பி, ஒரு பருவத்தில் எத்தனை நாள் வகுப்புக்கு வாராதிருந்தும் ஹால் டிக்கெட் பெறலாம் என்று வினவினால், அவர் கண்ணைத் திறவாமலே சரியான விடையைப் பகர்ந்துவிட்டு மறுபடியும் உறங்கிப்போவார்; அவ்விடை பல்கலைக்கழகத்து ரெகுலேஷனில் எந்தப் பிரிவில் எந்த வாசகத்தில் அமைந்திருக்கிறது என்று மறுநாட் பகலில், அவர் கண் நன்றாகத் திறந்திருக்கும் வேளையில் கேட்டாலோ, அப்படியொரு புத்தகம் இருக்கிறது என்பதே அவருக்குப் புதிய செய்தியாக இருக்கும். படியாத நூலில் இத்துணைத் தேர்ச்சி எங்ஙனம் வாய்த்தது என்பதே இவ்வாராய்ச்சியின் விஷயம். இலக்கணத்துக்கும் வேதாந்தத்துக்கும் உரை கண்ட நாட்டில் ரெகுலேஷனுக்கு ஒருவரும் உரை எழுதாத குறை நெடுங்காலமாக இருந்துவருவதைக் கண்டு யாம் இதனை மேற்கொண்டோம். இதற்கு உமக்குள்ள தகுதி யாது என்று கேட்போர்க்கு, தகுதியுடையோர் அனைவரும் விடைத்தாள் திருத்தப் போயிருக்கின்றனர் என்பதே எமது சமாதானம்.

அறிவு பிறக்கும் வாயில்களைப் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்று தத்துவ நூலார் சிலர் வகுத்தனர். இவற்றுள் பிரத்தியட்சம் இங்கே பயன்படாது. ஏனெனில், பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எவரும் காணும்படி விதிநூல் கிடக்கிறதாயினும், சேர்க்கை நாளன்று ‘விதிகளைப் படித்து உணர்ந்து உடன்படுகிறேன்’ என்னும் வாசகத்தின்கீழ் மாணாக்கரும் அவருடைய தந்தையாரும் கையொப்பமிடுவதோடு, அக்குடும்பத்துக்கும் அந்நூலுக்கும் உள்ள சம்பந்தம் நிறைவெய்திவிடுகிறது. அனுமானத்தைக் கைக்கொண்டு, துறைத்தலைவர் காலையில் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொன்ன விதத்திலிருந்து இன்டர்னல் மதிப்பெண்ணைக் கணிக்கும் நிபுணர் சிலர் உளர் எனினும், அவர்தம் கணிப்பு பிழைத்த கதைகளே மிகுதி. ஆதலின் எஞ்சி நிற்பது ஆப்தவாக்கியம் ஒன்றே. அந்த ஆப்தர் யாரெனில், சீனியர். அவர் தமக்கு மூத்த சீனியரிடம் கேட்டார். அவர் தமக்கு மூத்தாரிடம் கேட்டார். இங்ஙனம் மேலே ஏறிச் செல்லும் குருபரம்பரையின் தலைமைக் குரு, எந்த ஆண்டிலோ உண்மையாகவே புத்தகத்தைப் பிரித்துப் பார்த்த ஒருவராக இருத்தல் வேண்டும் என்று யாம் ஊகிக்கிறோம்.

இந்தப் பரம்பரையில் யாருடைய வாக்கு அதிகப் பிரமாணம் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேறி, ஒரு நாளும் தவறாமல் முன்வரிசையில் வீற்றிருந்தவர்க்கு விதி தெரிவதில்லை. தெரியவேண்டிய அவசியம் அவருக்கு நேர்ந்ததே இல்லை. எவர்மீது விதி பாய்ந்ததோ, எவர் விண்ணப்பமும் கையுமாக அலுவலகத்துக்கும் துறைக்குமாக நடந்து செருப்புத் தேய்ந்தாரோ, அவரே அதன் நெளிவு சுளிவு அனைத்தும் அறிந்த உரையாசிரியர். ஆதலால் கல்லூரிகளில் மதிப்பெண் குறையக் குறைய விதிஞானம் ஏறுகிறது என்னும் சித்தாந்தத்தை யாம் தயங்காது நாட்டுகிறோம். கல்லூரி வாசல் டீக்கடையில் நிகழும் பின்வரும் சம்பாஷணை இதற்குச் சான்றாகும்:

“அண்ணே, அறுபத்தெட்டுல நிக்குது. தாங்குமா?”

“மெடிக்கல் இருக்கா?”

“இல்லண்ணே.”

“ஸ்போர்ட்ஸ்?”

“கேரம் ஆடுவேன்.”

“ஹாஸ்டல்லயா? அப்ப நாளைக்கே அப்பாவக் கூட்டிட்டு எச்.ஓ.டி.யைப் போய்ப் பாரு.”

நான்கு கேள்வியும் ஒரு தீர்ப்புமாக அமைந்த இவ்வுரையில், விதிநூலின் இரண்டு பக்கங்கள் ஒரு சொல்லும் விடுபடாமல் அடங்கியிருக்கின்றன. மூல நூற்பா கூறுவது இது: பருவத்தின் வகுப்புகளில் முக்காற்பங்குக்கு, அதாவது 75 சதவீதத்துக்குக் குறையாமல் வந்தவர் தேர்வெழுதலாம். அதன் புறநடை கூறுவது இது: 75-க்குக் கீழும் 65-க்குக் கீழே போகாமலும் நின்றவர், நோயாலோ விளையாட்டுப் போட்டியாலோ வாராதிருந்தமைக்குச் சான்று காட்டி, கல்லூரித் தலைவரின் பரிந்துரையோடு எழுதலாம். இந்தப் பத்துச் சதவீத இடைவெளியில் தமிழ்நாட்டு வைத்தியத்தின் ஒரு கிளை முழுவதும் தழைத்து வாழ்கிறது. பருவம் முடியும் தறுவாயில் இருபது வயதை ஒட்டியவர்களை மட்டும் பற்றிக்கொண்டு, ஹால் டிக்கெட் கைக்கு வந்த அன்றே வடுவும் இன்றி நீங்கிப்போகும் டைஃபாய்டு ஒன்று எந்த மருத்துவ நூலிலும் பேசப்படாதிருப்பது அத்துறைக்குப் பெருங்குறை. கலைக் கல்லூரிகளில் இதே இடைவெளியைக் கண்டோனேஷன் என்னும் பெயரால் கட்டணம் பெற்று நிரப்பும் வழக்கமும் உண்டு. பாவத்துக்குப் பிராயச்சித்தமும் பிராயச்சித்தத்துக்கு ரசீதும் தரும் முறைகளுள் இதனினும் நேர்மையானதை யாம் அறியோம்.

வருகை என்பதன் தத்துவத்தைச் சற்றே விரித்தல் தகும். சமணர் தமது தர்க்கத்தில் ஒரு பொருளை உண்டாம், இல்லையாம், உண்டும் இல்லையுமாம் என்று தொடங்கி ஏழு பங்கங்களால் ஆராய்வர். வருகைப் பதிவேட்டுக்கு நான்கே போதும். உடம்பும் உள்ளமும் வகுப்பில் இருக்கப் பதிவும் இருப்பது முதலாவது, இது அரிது. உடம்பு கடைசிப் பெஞ்சில் இருக்க, உள்ளம் அங்கே இல்லாதிருப்பது இரண்டாவது. விதி இதனை முழு வருகையாகவே கொள்கிறது. உடம்பு வேறொரு கல்லூரியின் கலைவிழாவில் ஆடிக்கொண்டிருக்க, பதிவேட்டில் மட்டும் இருப்பது மூன்றாவது, இதற்கு ஓ.டி., அதாவது ஆன் டியூட்டி, என்று பெயர். இந்த மூன்றாவதன் வேறொரு பிரிவாகிய ப்ராக்ஸியில், நண்பர் ஒருவர் குரலைச் சற்றே மாற்றி ‘பிரசன்ட் சார்’ என்று கூறும் கணத்தில், பண்டைச் சித்தர்கள் அரும்பாடுபட்டுச் சாதித்த பரகாயப் பிரவேசம் யாதொரு தவமும் இன்றிச் சித்தியாகிறது. நான்காவது, உடம்பும் இல்லை, பதிவும் இல்லை, உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார் என்னும் நிலை. நால்வருள் தண்டனைக்குரியவர் இவர் ஒருவரே.

சமணரைக் குறிப்பிட்டதனால், சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் செய்து காட்டிய ஒரு கணக்கை இங்கே எடுத்துக்கொள்வது முறையாகிறது. ஆசிரியர் உரைத்ததை ஒருவன் எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது கல்வியில் காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுவதால் ஒரு கால் கிட்டும். கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரையும் நிரம்பும் என்பது அவர் கருத்து. இதன்படி வகுப்பறையில் கிடைப்பது கால். வெளியே கிடைப்பது முக்கால். பல்கலைக்கழகமோ முக்காற்பங்கு வகுப்பறையில் இரு, காற்பங்கு வெளியே இருக்கலாம் என்று விதிக்கிறது. இரண்டு கணக்கிலும் பின்னம் ஒன்றே. இடம் மட்டும் மாறிக் கிடக்கிறது. ஏடெழுதுவோர் கை தவறியதோ என்று ஐயுறுவோரும் உளராகலாம். எமது ஆராய்ச்சிக்கு வேண்டுவது இதனினின்றும் போதரும் துணிபு: டீக்கடையில் இளையவர்க்கு விதியுரை நிகழ்த்தும் சீனியர், உடன் பயில்வாரோடு பழகிய காலையும் பிறர்க்கு உரைத்த அரையையும் அங்கேயே பெற்றுவிட்டமையின், நன்னூற் கணக்கில் அவர் முக்கால் மதிப்பெண் பெற்றவர். வகுப்பில் பெறவேண்டிய கால் மட்டுமே அவருக்கு அரியராக நிற்கிறது.

இந்த முக்கால் எண்ணின் ஆட்சி இத்தோடு நின்றதா என்றால், இல்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு எஃப்.ஏ. வகுப்பிற் சேர்ந்த மாணாக்கர் ஒருவர், கணிதம் தவிர்ந்த பாடங்களைக் கண்ணெடுத்தும் பாராமையால் அச்சம்பளத்தை இழந்து, வீட்டை விட்டு வடக்கே தெலுங்கு நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் கல்லூரியில் அமர்ந்தபோது, வருகை போதவில்லை என்னும் காரணத்தால் 1905-இல் டெர்ம் சர்ட்டிஃபிகேட் மறுக்கப்பட்டார். பின்னர் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் அவர் எஃப்.ஏ. தேறவில்லை. அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் எழுதி, 1927-இல் கேம்பிரிட்ஜில் வெளியான அவருடைய கட்டுரைத் தொகுதியின் முகப்பில் அமைந்த வாழ்க்கைக் குறிப்பில், வருகை குறைந்த இச்செய்தி அடக்கமாக இடம்பெற்றிருக்கிறது. பட்டம் இல்லாத அவருக்கே 1913-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பவேண்டும் என்பது நிபந்தனை, வகுப்புக்கு வரவேண்டும் என்பது நிபந்தனையன்று. தொகை மாதம் 75 ரூபாய். சதவீதமாகக் கேட்கும் எண்ணை ஒரு காலத்திற் பல்கலைக்கழகம் ரூபாயாகக் கொடுத்தும் இருக்கிறது என்பதை, வருகை குறைந்த மாணாக்கர் தம் தந்தையாரிடம் எடுத்துக்காட்டலாம். தந்தையார் அடுத்தபடி என்ன கேட்பார் என்பதும் எமக்குத் தெரிந்ததே.

இனி, கிரெடிட் என்னும் அளவையின் வரலாறு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு பருவம் முழுதும் விரிவுரை கேட்டால் ஒரு கிரெடிட். ஆய்வகத்தில் ஆனால் இரண்டு மணி நேரம் நின்றாற்றான் அதே ஒரு கிரெடிட். கல்வியை மணியால் அளக்கும் இம்முறை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்றால், மாணாக்கருக்கும் கல்விக்கும் யாதொரு தொடர்பும் இல்லாத ஓரிடத்தில் போய் நிற்கிறோம். அமெரிக்க எஃகு வணிகர் ஆண்ட்ரு கார்னெகி, பேராசிரியர்கள் முதுமையில் வறுமையுறுவதைக் கண்டு இரங்கி, 1905-இல் ஒரு கோடி டாலர் மூலதனம் வைத்து அவர்களுக்கு ஓய்வூதியம் வழங்க ஓர் அறக்கட்டளை நிறுவினார். எந்தக் கல்லூரியின் பேராசிரியருக்கு வழங்குவது, எதற்கு மறுப்பது என்னும் வினா எழுந்தது. கல்லூரி என்று பெயர் சூட்டிக்கொண்ட எல்லாவற்றுக்கும் வழங்கினால் கோடியும் கரையுமாதலின், தன்னிடம் சேர வருவோர் உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு யூனிட் பயின்றிருக்கவேண்டும் என்று விதிக்கும் நிறுவனமே கல்லூரி எனவும், ஒரு பாடத்தை 120 மணி நேரம் பயில்வதே ஒரு யூனிட் எனவும் வரையறை செய்தனர். பள்ளிக்கு ஏற்பட்ட அளவுகோலைக் கல்லூரிகளும் விரைவில் தமக்கு எடுத்துக்கொண்டன. 1910-இல் அதே அறக்கட்டளை, தொழிற்சாலைகளில் வேலைத்திறனை அளந்து பழகிய மாரிஸ் குக் என்னும் பொறியாளரைக் கல்லூரிகளுக்குள் அனுப்ப, அவர் ‘மாணவர்-மணி’ என்னும் அலகால் கல்வியின் உற்பத்திச் செலவைக் கணக்கிடலாம் என்று அறிக்கை தந்தார். ஆக, ஈரோட்டிலோ திருநெல்வேலியிலோ மூன்றாம் பருவத்து மாணாக்கர் ஒருவர் நான்கு கிரெடிட் பாடத்தில் தவறினேனே என்று புலம்பும்போது, அவர் அளந்து புலம்பும் கோல், நூற்றாண்டுக்கு முந்திய அமெரிக்கக் கிழவர் ஒருவரின் பென்ஷன் விண்ணப்பத்திலிருந்து ஒடித்தெடுத்தது என்பதை அவர் அறியார். அறிந்தாலும் மதிப்பெண் கூடாது.

இக்கோலால் அளப்பதில் சில விநோதங்கள் விளைகின்றன. 2021-ஆம் ஆண்டு ரெகுலேஷனின்படி, அண்ணா பல்கலைக்கழகத்தின் முதற்பருவத்தில் ‘தமிழர் மரபு’ என்றொரு பாடம் உண்டு. அது ஒரு கிரெடிட். சங்க காலமும் சோழர் செப்புத் திருமேனியும் தெருக்கூத்தும் சிலம்பாட்டமும் எல்லாம் சேர்ந்து நிறுவையில் ஒரு கிரெடிட். பட்டறையில் இரண்டு மணி நேரம் இரும்பை அராவுவதும் ஒரு கிரெடிட். தராசு பொய்யாது, எதனை எதனோடு வைத்து நிறுப்பது என்பதில் மட்டும் அதற்குக் கூச்சம் இல்லை. இவ்வாறு ஈட்டிய கிரெடிட்டைச் சேமித்துவைக்க நடுவண் அரசின் கிரெடிட் வங்கி ஒன்றும் 2021-இல் ஏற்பட்டது. பணத்தை இட்டால் வட்டியோடு வளரும் வங்கிகளையே கண்டு பழகிய நமக்கு, இட்டது ஏழாண்டுக்கு மேல் செல்லாது என்னும் இவ்வங்கி புதுமையாகத் தோன்றினும், கற்றது மறக்கும் வேகத்தை உள்ளபடி உணர்ந்தோர் வகுத்த காலவரம்பு என்றே யாம் அதனைப் பாராட்டுகிறோம்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றி நன்னூலுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் நேர்முரண்பாடு உண்டு. மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று வகுத்த பவணந்தியார், ஆட்டைக் கடைமாணாக்கர் வரிசையில் வைத்தார்; ஒரு செடியில் தழை நிறைந்திருந்தும் அங்கே வயிறு நிரம்ப மேயாமல், செடிதோறும் ஓடி ஒரு வாய் கடித்துச் செல்வது அதன் இயல்பாதலின். மானியக் குழு 2015-இல் விருப்பப் பாட முறையை வகுத்து வெளியிட்டபோது, அந்த ஆடே உத்தம மாணாக்கர் ஆயிற்று. இயந்திரவியல் பயில்பவர் பொருளாதாரத்தில் ஒரு வாயும், மின்னியல் பயில்பவர் சுற்றுச்சூழலில் ஒரு வாயும் கடித்தல் விரிந்த கல்வி எனப்பட்டது. இம்மேய்ச்சலின் மூலபுருஷர் ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட். 1869 முதல் 1909 வரை நாற்பது ஆண்டு அப்பதவியில் இருந்து, கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தமையால், நூற்றாண்டின் இறுதியில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்றே ஏறக்குறையக் கட்டாயமாக எஞ்சியது. அவருக்குப் பின் வந்த லோவெல் வேலி கட்டத் தொடங்கினார்.

நம் நாட்டு ஆட்டுக்கு அத்தகைய ஆபத்து இல்லை. துறையில் ஐந்து எலக்டிவ் பெயர்கள் எழுதிய தாள் ஒன்று சுற்றுக்கு வரும். ஐந்தில் எதனையும் தேர்ந்தெடுக்கலாம் என்று வகுப்பாலோசகர் அறிவிப்பார்; அறிவித்த கையோடு, மூன்றைக் கற்பிக்க ஆள் இல்லை என்பதையும், நான்காவதற்குப் போதிய எண்ணிக்கை சேராது என்பதையும் தெரிவித்து, ‘எல்லோரும் ஐந்தாவதையே விரும்பித் தேர்ந்தெடுத்தீர்கள் அல்லவா?’ என்று கேட்பார். வகுப்பு ஒருமுகமாக ஆம் என்னும். விதியும் சுதந்திரமும் ஒன்றே என்று காட்டத் தத்துவ ஞானிகள் எழுதிய நூல்களைவிட இந்த ஆம் தெளிவானது. மெய்யான தேர்வு வாய்க்கும் அபூர்வமான இடங்களிலும், பாடத்தின் பொருள் என்ன என்று கேட்டவரை யாம் கண்டதில்லை. தியரி பேப்பரா, பிராப்ளம் பேப்பரா. காலை முதல் மணியா, கடைசி மணியா. அந்த ஆசிரியர் இன்டர்னலில் கை நீட்டுவாரா, மடக்குவாரா என்பனவே கேட்கப்படும். இது சிறுமை என்று சொல்வார் சொல்லுக. பாடத்தின் பெயரைக்கொண்டு அதன் பொருளை அறிவதைவிட, ஆசிரியரின் பெயரைக்கொண்டு அறிவதே சிறந்த முறை என்பது எமது துணிபு. நல்ல ஆசிரியரின் மோசமான பாடம் தேறும், மோசமான ஆசிரியரின் நல்ல பாடம் தேறாது.

அரியரைப் பற்றித் தனி நூலே எழுதவேண்டும். இங்கே இரண்டொரு செய்தி மட்டும். இன்டர்னலும் பருவத்தேர்வும் கூட்டி நூற்றுக்கு ஐம்பது வேண்டும். அதனோடு பருவத்தேர்வில் மட்டும் தனியே நாற்பத்தைந்து சதவீதமும் வேண்டும். நான்காண்டுப் படிப்பாகிய எட்டுப் பருவத்தைப் பதினான்கு பருவத்துக்குள் முடித்துவிடவேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கவரும் நிறுவனங்கள் இன்னும் நுட்பமாக, ‘ஸ்டாண்டிங் அரியர்’ என்றும் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ என்றும் பிரித்து, இப்போது இருப்பதையும் முன்பு இருந்து கழிந்ததையும் வேறு வேறாக விசாரிக்கின்றன. பிராரப்தம், சஞ்சிதம் என்னும் கர்மப் பாகுபாட்டை வளாக நேர்காணலில் இவ்வாறு நேரிற் காணலாம். இக்கர்மத்தை ஒரே நாளில் அறுக்கும் முயற்சியும் நடந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஆகஸ்டு 26 அன்று, அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்த மாணாக்கர் தேர்வெழுதாமலே தேர்ச்சி பெறுவர் என்று தமிழக அரசு அறிவித்தது. ஊர்தோறும் முதலமைச்சரை வாழ்த்திச் சுவரொட்டிகள் எழுந்தன. கட்டணம் கட்டியவர்க்கே அருள் என்பதனால், படித்தும் பணம் கட்ட மறந்தவர் கரையில் நிற்க, புத்தகம் திறவாமல் பணம் கட்டியவர் அக்கரை சேர்ந்தனர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் உடன்படவில்லை. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. தேர்வின்றித் தேர்ச்சி இல்லை என்று 2021-இல் முடிந்தது. சுவரொட்டிகளை அதற்குள் வேறு சுவரொட்டிகள் மூடியிருந்தன.

கடைசியாக ஒன்று. ரெகுலேஷன் நான்காண்டுக்கு ஒருமுறை பிறவி எடுக்கிறது: 2013, 2017, 2021. புதியது வந்ததும் பழைய சிலபஸில் இருந்த சில பாடங்கள் மறைந்துபோகின்றன. அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை, கால அட்டவணையில் இடம் இல்லை. வருகைக் குறைவு என்னும் அச்சமும் அறவே இல்லை. ஆயினும் அப்பாடத்தில் அரியர் வைத்தவர் எவரேனும் எஞ்சியிருக்கும்வரை, ஆண்டுக்கு இருமுறை அதற்கு வினாத்தாள் அச்சாகிறது. அத்தாளின் தலைப்பில் அது எந்த ரெகுலேஷனைச் சார்ந்தது என்றும் தெளிவாக அச்சிட்டிருக்கும். கற்பிப்பார் இன்றிக் கேட்பார் மட்டும் உள்ள இப்பாடத்தின் மூலபாடம் எங்கே பாதுகாக்கப்படுகிறது என்று தேடியதில், நூலகத்தில் இல்லை, துறையில் இல்லை, பழைய நோட்டுகளை ஆசிரியரே எடைக்குப் போட்டுவிட்டார். கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இருந்தது. பதின்மூன்றின் இரண்டு மதிப்பெண் வினாவிடைக் கட்டும், பதினேழின் ‘முக்கியக் கேள்விகள்’ கட்டும் கயிறு கட்டி மேல்தட்டில் வரிசையாக ஏறியிருந்தன. பாடத்தின் பெயரைக்கூடக் கடைக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. கோடு எண்ணைச் சொன்னாற் போதும். யாம் சொன்னோம். அவர் ஸ்டூலின்மேல் ஏறிக்கொண்டே கேட்டார்:

“எந்த ரெகுலேஷன் சார்? பழசா, அதுக்கும் பழசா?”